சாட்சியில் விடுபட்ட பாதி

தூத்துக்குடி
9 ஜூன் 2024

பெனிஷா,

'அன்புள்ள' என்று எழுதிப் பார்த்தேன். கை வரவில்லை. அதனால் வெறும் பெயர்.

நீ ஜார்க்கண்டுக்குப் போய் ஆறு வாரம் ஆகிறது. அங்கே செல்போனை வாங்கி வைத்துக்கொண்டு ஞாயிறு மாலை ஒரு மணி நேரம் மட்டும் தருகிறார்கள் என்று உன் அம்மா சொன்னார்கள். அந்த நேரத்தில் நான்கு முறை என்னைக் கூப்பிட்டாய். நான் எடுக்கவில்லை. இப்போது உன் எண்ணை பிளாக் செய்துவிட்டேன். போனில் பேசினால் நீ அழுவாய், நான் சமாதானம் சொல்வேன். ஒன்றாம் வகுப்பிலிருந்து அப்படித்தான் நடந்து வந்திருக்கிறது. கடிதத்தில் நீ அழுதால் எனக்குக் கேட்காது.

ஏப்ரல் 28, ஞாயிற்றுக்கிழமை. மிஷனரிப் பயிற்சிக்குப் போகும் உன்னை வழியனுப்பும் ஆராதனை. நான் அம்மாவுக்குப் பக்கத்தில் நான்காவது பெஞ்சில் இருந்தேன். நீ கட்டியிருந்த நீலச் சேலைக்கு ஃபால்ஸ் தைத்தது நான். போதகர் ஐயர், ஆண்டவர் உன்னை அழைத்த விதத்தைச் சாட்சியாகச் சொல்லக் கூப்பிட்டார். மைக்கைப் பிடித்து நீ சொன்னாய்: "எனக்கு ஒரு தோழி உண்டு. என்னோடு இதே கோயிலில் வளர்ந்தவள். சின்னப் பிள்ளைகளுக்கு வேதம் சொல்லிக் கொடுக்கிறவள். துறைமுகத்தில் நல்ல வேலை கிடைத்தது. உலகம் அவளை இழுத்துக்கொண்டது. ஆண்டவரே இல்லை என்று என்னிடமே சொன்னாள். அன்று இரவுதான் நான் என்னை ஊழியத்துக்கு ஒப்புக்கொடுத்தேன்."

பெயர் சொல்லவில்லை. நம் கோயிலில் ஞாயிறு பள்ளி எடுத்துக்கொண்டு துறைமுகத்தில் வேலையும் பார்க்கிற பெண் எத்தனை பேர் பெனிஷா? முன் பெஞ்சிலிருந்து மூன்று தலைகள் திரும்பின. அம்மா திரும்பவில்லை. பாட்டுப் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலை நீ ரயில் ஏறிவிட்டாய். நான் இங்கே இருக்கிறேன்.

ஒரே கேள்வி. ஏன்?

ஜெப்ஸி


கும்லா அருகில், ஜார்க்கண்ட்
24 ஜூன் 2024

அன்பு ஜெப்ஸி,

ஆண்டவர் தந்த இந்தப் புதிய நாளில் உன்னை நினைத்தபடி எழுதுகிறேன். உன் கையெழுத்தைப் பார்த்ததும் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்ல முடியாது. படித்த பிறகுதான் மனம் பாரமாகிவிட்டது.

உன்னைப் புண்படுத்த வேண்டும் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. உன் பெயரை நான் சொல்லவில்லை. யாராவது தாங்களாக எதையாவது ஊகித்துக்கொண்டால் அதற்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்? உனக்காகச் சபை முழுவதும் ஜெபித்தால் நல்லதுதானே என்றுதான் எண்ணினேன். என் வார்த்தைகள் உனக்கு வருத்தம் தந்திருந்தால் மன்னித்துக்கொள்.

இங்கே நாங்கள் பதினொரு பேர். காலை ஐந்து மணிக்கு எழுந்து ஜெபம், பிறகு இந்தி வகுப்பு, மாலையில் விடுதிப் பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக் கொடுப்பது. எங்களைக் கவனித்துக்கொள்கிற தேவமணி அக்கா நம் பக்கத்து நாசரேத் ஊர்க்காரர். நம் ஊர்ப் பேச்சைக் கேட்க ஆறுதலாக இருக்கிறது. மீன் கிடைப்பதில்லை. கடலைப் பார்த்து இரண்டு மாதம் ஆகப்போகிறது.

உனக்காக நாள்தோறும் ஜெபிக்கிறேன்.

பெனிஷா


தூத்துக்குடி
7 ஜூலை 2024

பெனிஷா,

'வருத்தம் தந்திருந்தால்'. வருத்தம் தந்ததா இல்லையா என்று உனக்கு இன்னும் சந்தேகம். சரி, நடந்ததைச் சொல்கிறேன்.

மே முதல் வாரம் ஐயர் வீட்டுக்கு வந்தார். காபி குடித்துவிட்டு, ஞாயிறு பள்ளியில் என் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை இனி வேறொருவர் பார்த்துக்கொள்வார், நான் கொஞ்ச நாள் ஓய்வெடுக்கலாம் என்று மரியாதையாகச் சொன்னார். அப்பா சபைக் கமிட்டியில் இருக்கிறவர். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். அன்றிலிருந்து என்னோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. அம்மா வெள்ளிக்கிழமை உபவாசம் இருக்கிறார்கள், எனக்காக. பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் என் பெயரையே சொல்லி ஜெபித்திருக்கிறார்கள்.

ஒன்றும் நடக்காமல் ஒரு பெண்ணுக்கு விசுவாசம் குறையுமா? காரணம் வேண்டுமே. அதனால் ஒரு காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். என் ஆபீஸில் செந்தூர்வேல் அண்ணன் இருக்கிறார், உனக்குத் தெரியும். கப்பலில் வருகிற முந்திரிக்கொட்டைக் கன்டெய்னர்களுக்குச் சுங்கப் பேப்பர் எப்படிப் போடுவது என்று எனக்குக் கற்றுக் கொடுத்தவர். போன நவம்பரில் மழை கொட்டியபோது பைக்கில் என்னை பஸ் நிறுத்தத்தில் கொண்டு விட்டார். ஒரே ஒரு நாள். அதை நம் கோயில்காரர் யாரோ பார்த்திருக்கிறார். இப்போது கதை முழுமையாகிவிட்டது. அவருக்கு நிச்சயமாகியிருக்கும் இந்துமதியின் வீட்டுக்கு யாரோ போன் செய்துவிட்டார்கள். பெண்ணின் அப்பா ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். எங்கள் மேனேஜர் என்னையும் கூப்பிட்டு விசாரித்தார்.

இதெல்லாம் நீ செய்யவில்லை என்பாய். சரி. நீ செய்ததை மட்டும் பேசலாம்.

ஜனவரியில், பொங்கல் விடுமுறையில், முயல் தீவுக் கடற்கரையில் நாம் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். நான் உன்னிடம், "ஜெபம் பண்ணக் கண்ணை மூடுனா அந்தப் பக்கம் யாரும் கேக்கிற மாதிரி இல்ல பெனி. முந்தி அப்படி இல்ல. எப்ப மாறிச்சின்னும் தெரியல" என்று சொன்னேன். ஆண்டவர் இல்லை என்று சொல்லவில்லை. இருபத்திரண்டு வயது வரை என் அப்பா அம்மாவின் விசுவாசத்தில் நான் குடியிருந்தேனோ, எனக்கென்று ஒன்று இருக்கிறதா என்று பயமாக இருக்கிறது என்றேன். உலகம் என்னை இழுத்ததாக நான் சொல்லவே இல்லை. எட்டு மணி நேரம் ஆபீஸில் பேப்பர் பார்க்கிறவளை எந்த உலகம் வந்து இழுக்கும்?

பிறகு நீ என்ன சொன்னாய்? "எனக்கும் அப்படித்தான்ளா இருக்கு. ஒரு வருசமா. யார்ட்டயும் சொல்லிராத" என்றாய். அழுதாய். நான் உன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இருட்டும் முன்பு கடைசி ஆட்டோவில் திரும்பினோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ மைக்கில் பேசும்போது முதலில் எனக்குக் கோபமே வரவில்லை பெனிஷா. இரண்டாவது பாதி வரும் என்று காத்துக்கொண்டிருந்தேன். அடுத்து, 'எனக்கும் அப்படித்தான் இருந்தது' என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். நீ வணக்கம் சொல்லி இறங்கிவிட்டாய்.

என் அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுது. அன்று நாம் இரண்டு பேரும் என்ன பேசினோமோ அதை அப்படியே எழுது. வேறு ஒன்றும் வேண்டாம்.

ஜெப்ஸி


கும்லா
22 ஜூலை 2024

அன்பு ஜெப்ஸி,

நலம். நீயும் நலமாயிருக்க வேண்டுகிறேன்.

இங்கே வரும் கடிதங்களைத் தேவமணி அக்கா பிரித்துப் படித்துவிட்டுத்தான் எங்களிடம் தருவார். எங்கள் நன்மைக்காகத்தான். உன் போன கடிதம் கைக்கு வந்தபோது கடைசித் தாள் மட்டும்தான் இருந்தது. மீதி எங்கே என்று கேட்டேன். அது எனக்குப் பிரயோஜனமில்லை என்று சொன்னார். அன்று மாலை என்னைத் தனியாகக் கூப்பிட்டு நிறையக் கேள்விகள் கேட்டார்.

அதனால் பழைய விஷயங்களை இனி எழுத வேண்டாம். இங்கே மழை நன்றாகப் பெய்கிறது. பிள்ளைகள் ஒரு பாட்டைத் தமிழிலேயே கற்றுக்கொண்டார்கள்.

பெனிஷா


கும்லா தபால் நிலையம்
3 ஆகஸ்ட் 2024

ஜெப்ஸி,

சாமான் வாங்க டவுனுக்கு அனுப்பினார்கள். தபால் நிலைய மேஜையில் நின்றுகொண்டே எழுதுகிறேன். இதை யாரும் படிக்கப் போவதில்லை. அக்கா அன்று கேட்டதற்கெல்லாம் இல்லை என்று சொல்லிவிட்டேன். பதில் எழுதினால் மேலே எழுதியிருக்கும் டீச்சரின் முகவரிக்கு அனுப்பு. எங்களுக்கு இந்தி சொல்லித் தருகிறவர், பிரிக்காமல் கொண்டுவந்து தருவார்.

ஏன் என்று கேட்டாய். சொல்கிறேன்.

நான் பிறந்த மூன்றாம் மாதம் காய்ச்சலில் பிழைக்க மாட்டேன் என்றார்களாம். பிழைத்தால் ஊழியத்துக்குக் கொடுத்துவிடுகிறேன் என்று அப்பா பொருத்தனை பண்ணினார். இது உனக்குத் தெரியும். பிப்ரவரியில் மிஷன் நேர்காணலுக்கு என்னைத் திருநெல்வேலிக்கு அழைத்துக்கொண்டு போனதும் அப்பாதான். உப்பளத்தில் மேற்பார்வை பார்க்கிற மனிதர், அன்றைக்கு லீவு போட்டு, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு வெளியே மரத்தடியில் நின்றார். உள்ளே ஐந்து பேர். "உங்கள் அழைப்பைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார்கள். நான் அப்பாவின் பொருத்தனையைச் சொன்னேன். "அது அப்பாவுடைய அழைப்பு, உங்களுடையது என்ன?" என்று கேட்டார் ஒருவர். எனக்கு என்ன இருக்கிறது ஜெப்ஸி? என் வாழ்க்கையில் எதுவுமே நடந்ததில்லை. கல்லூரி, கோயில், வீடு. என் மனதில் பெரிதாக இருந்தது ஒன்றே ஒன்றுதான், முயல் தீவில் நாம் பேசியது. வாயைத் திறந்தேன். உன்னுடைய பாதி வந்தது. என்னுடைய பாதி வரவில்லை.

அவர்கள் அழுதார்கள். ஒரு அம்மா எழுந்து வந்து என் தலையில் கை வைத்தார். தோழியின் பெயரைத் தாளில் எழுதிக் கொடு, நாங்களும் ஜெபிக்கிறோம் என்றார்கள். எழுதிக் கொடுத்தேன். ஆம், உன் பெயரை. அதன் பிறகு வாலிபர் கூட்டத்தில் ஒரு முறை சொன்னேன். நம் கோயிலில் நீ கேட்டது மூன்றாவது முறை. சொல்லச் சொல்ல அது நன்றாக ஆகிக்கொண்டே வந்தது. 'ஆண்டவரே இல்லை' என்பது இரண்டாவது முறை சேர்ந்தது. எனக்கே தெரியாமல் சேர்ந்தது என்று எழுத நினைத்தேன். தெரிந்துதான் சேர்த்தேன்.

இங்கே பிள்ளைகளுக்குக் கண்ணை மூடி ஜெபிக்கச் சொல்லிக் கொடுக்கிறேன். அவர்கள் மூடுகிறார்கள். நான் திறந்துகொண்டு நிற்கிறேன். ஒன்றும் மாறவில்லை.

உன் அம்மாவுக்கு என்னால் எழுத முடியாது. அவர்களுக்குத் தெரிந்தால் என் அப்பாவுக்கும் தெரிந்துவிடும். இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

உன் பெனி


தூத்துக்குடி
25 ஆகஸ்ட் 2024

பெனிஷா,

உன் கடிதத்தை ஆபீஸில் என் மேஜை இழுப்பறையில் பூட்டி வைத்திருக்கிறேன். யாரிடமும் காட்டவில்லை. காட்டினால் ஒரே நாளில் எல்லாம் திரும்பிவிடும் என்று எனக்குத் தெரியும். உன் எழுத்தை அம்மாவுக்கும் அடையாளம் தெரியும். நம் இரண்டு பேருக்கும் எழுத்துப் பழக்கியது அவர்கள்தானே. காட்டலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். நீ என்னிடம் யாரிடமும் சொல்லாதே என்றாய், நான் சொல்லவில்லை. நானும் உன்னிடம் நம்பித்தான் சொன்னேன். அது உனக்குச் சாட்சிக்கு ஆயிற்று.

என் பெயரைத் தாளில் எழுதிக் கொடுத்தாய். எனக்கு முகம் தெரியாத ஐந்து பேர் எங்கேயோ உட்கார்ந்து, கெட்டுப்போன பெண் என்று என் பெயரைச் சொல்லி ஜெபித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அம்மாவிடம் நானே வாயால் சொன்னேன். இரண்டு பேருக்கும் அப்படித்தான் இருந்தது, பெனிஷாவும் சொன்னாள் என்றேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார்கள். "ஏளா, உன் மேல உள்ளத ஊழியத்துக்குப் போன பிள்ள மேல போடாத" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார்கள்.

செந்தூர்வேல் அண்ணன் கொச்சி ஆபீஸுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார். கல்யாணம் நிற்கவில்லை, நல்லவேளை. போகிற அன்று என் மேஜைக்கு வந்து, "உங்க மேல ஒரு தப்பும் இல்ல. ஆனா நான் இங்கன இருந்தேன்னா இந்துமதி தெனம் கேட்டுக்கிட்டே இருப்பா" என்றார். மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று அவருக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை.

நீ பாவம் என்று எனக்குத் தோன்றுகிறது. அதுவே எரிச்சலாக இருக்கிறது. உன் அப்பாவை எதிர்க்க உனக்குப் பயம், அதற்கு என்னைக் கொடுத்தாய்.

ஜெப்ஸி


கும்லா
3 நவம்பர் 2024

ஜெப்ஸி,

டீச்சர் வழியாக அனுப்புகிறேன்.

பயிற்சி முடிகிறது. எங்களை மிஷனரிகளாக ஏற்படுத்தும் பிரதிஷ்டை ஆராதனை நம் கோயிலிலேயே, டிசம்பர் 8. எங்கள் மிஷன் இயக்குநர் வருகிறார். மறுபடியும் சாட்சி சொல்லச் சொல்லியிருக்கிறார்கள்.

முடிவு எடுத்துவிட்டேன். அன்றைக்கு உண்மையைச் சொல்லப்போகிறேன். அப்படிச் சொன்னது என் தோழி மட்டும் இல்லை, நானும்தான் என்று. அதன் பிறகு என்னை வேண்டாம் என்றாலும் சரி. எழுதி வைத்திருக்கிறேன். பாதித் தாள்தான். தினமும் படித்துப் பழகுகிறேன்.

நீ வர வேண்டும். உன் அம்மாவையும் அழைத்துக்கொண்டு வா. உன் முகத்தைப் பார்த்தால் எனக்குத் தைரியம் வரும்.

பெனி


ரயிலில், விஜயவாடா தாண்டி
11 டிசம்பர் 2024

ஜெப்ஸி,

நீ வந்திருந்தாய். அதே நான்காவது பெஞ்ச். நீ வரமாட்டாய் என்று பாதி நம்பியிருந்தேன்.

தாள் என் வேதப் புத்தகத்துக்குள் இருந்தது. மேலே ஏறினேன். அப்பா பாடகர் குழுவின் ஓரத்தில் நின்றுகொண்டு செல்போனை உயர்த்திப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். படம் ஆடக்கூடாது என்று ஒரு கையால் இன்னொரு கையைத் தாங்கிக்கொண்டிருந்தார். நான் தாளைப் பிரிக்கவில்லை. அந்தக் கதையை விட்டுவிட்டு வேறு ஏதாவது சொல்லிவிட்டு இறங்கிவிடலாம் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக. ஆனால் 'எனக்கு ஒரு தோழி உண்டு' என்று வாய் தானாகத் தொடங்கிவிட்டது. அதற்கு மேல் என்னால் நிறுத்த முடியவில்லை. கடைசியில் அந்தத் தோழிக்காக எல்லோரும் எழுந்து நின்று ஜெபியுங்கள் என்றும் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று எனக்குத் தெரியவில்லை.

எல்லோரும் எழுந்து நின்றார்கள். நீ உட்கார்ந்திருந்தாய்.

இப்போது நான் மிஷனரி. மூன்று வருடத்துக்கு.

நீ இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டாலும் சரி.

பெனிஷா


தூத்துக்குடி
6 ஜனவரி 2025

பெனிஷா,

கிழிக்கவில்லை. நான்கு வாரம் பதில் எழுதாமல் இருந்தேன், அவ்வளவுதான்.

உனக்குத் தெரியாத சிலவற்றைச் சொல்கிறேன். அன்று எல்லோரும் எழுந்தபோது அம்மாவும் எழுந்தார்கள். உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆராதனை முடிந்து வெளியே உனக்கு மாலை போட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது, அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு பக்கத்து வாசல் வழியாக வந்துவிட்டார்கள். சாப்பாட்டுக்குக்கூட நிற்கவில்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு, "அந்தப் பிள்ள பேசி முடிக்கிற வரைக்கும் உன் முகத்தப் பாக்கவே இல்ல. எல்லாப் பக்கமும் பாத்தா, நம்ம பெஞ்ச மட்டும் விட்டுட்டா" என்றார்கள். கொஞ்சம் கழித்து, "நீ அன்னைக்கிச் சொன்னது நெசந்தானா?" என்று கேட்டார்கள். நெசந்தான் என்றேன். முந்தின நாள் ஆபீஸ் இழுப்பறையிலிருந்து கொண்டுவந்த உன் கடிதம் அப்போது என் பையில்தான் இருந்தது. எடுக்கவில்லை. அம்மா வேறு சாட்சி கேட்கவும் இல்லை.

அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதே. அப்பா இன்னும் தனியாகத்தான் சாப்பிடுகிறார். பிள்ளைகள் வகுப்பை எனக்குத் திருப்பித் தரவில்லை. நீ அழைத்த ஜெபத்துக்குப் பிறகு, இதுவரை தெரியாதவர்களுக்கும் தெரிந்துவிட்டது. கடையில், பஸ்ஸில், கோயில்காரப் பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு இரக்கமாகப் பேசுகிறார்கள். கையை எப்படி உருவுவது என்று பழகிவிட்டேன்.

ஜனவரியிலிருந்து ஆபீஸில் செந்தூர்வேல் அண்ணனின் வேலையை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். அந்த நாற்காலியில் உட்காரக் கூச்சமாக இருக்கிறது. உட்கார்ந்துதான் இருக்கிறேன்.

நேற்று வருடத்தின் முதல் ஞாயிறு, திருவிருந்து. ஒன்றரை வருடமாக நான் மற்றவர்களோடு எழுந்து போய், முழங்காலில் நின்று, அப்பத்தையும் திராட்சை ரசத்தையும் வாங்கிக்கொண்டுதான் வந்தேன். உள்ளே ஒன்றும் இல்லாமல், பார்க்கிறவர்களுக்காக. நீ மைக்கில் செய்ததை நான் ஒவ்வொரு மாதமும் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தேன் என்று இந்த நான்கு வாரத்தில் எனக்குப் புரிந்தது. அதனால் நேற்று எங்கள் பெஞ்ச் எழுந்தபோது நான் எழவில்லை. அப்பா என்னைத் தாண்டிக்கொண்டு போனார். அம்மா பின்னாலேயே இரண்டு அடி நடந்தார்கள். நின்றார்கள். திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்கள்.

ஐம்பத்தொரு வயது அம்மாவுக்கு. திடப்படுத்தல் எடுத்து முதல் முறை திருவிருந்து வாங்கிய நாளிலிருந்து ஒரு திருவிருந்தையும் விட்டதில்லை. நான் பிறந்த பதினைந்தாம் நாள்கூட என்னைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். வரிசையில் போகிறவர்கள் எல்லோரும் எங்களைப் பார்த்துக்கொண்டே போனார்கள். அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். பிறகு, எனக்கு மட்டும் கேட்கும்படி, "இன்னைக்கி மட்டுந்தான். அடுத்த மாசம் நான் போவேன். நீ எப்ப வாரியோ அப்ப வா" என்றார்கள்.

நான் ஜெபம் செய்தேன் என்று சொல்ல முடியாது. அழுதேன். அவ்வளவுதான்.

உன் ஆகஸ்ட் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். இனி நான் அதைக் காவல் காக்க மாட்டேன். நீயே வைத்துக்கொள், அல்லது எரித்துவிடு, அல்லது உன் அப்பாவிடம் கொடு.

உனக்கு இனி எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். நேற்று வீட்டுக்கு வந்ததிலிருந்து இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. ஒவ்வொரு ஆளாக நினைத்துப் பார்த்தேன். அம்மா திரும்பி வந்து உட்கார்ந்தது எவ்வளவு பெரிய விஷயம் என்று, விளக்காமலே புரிந்துகொள்ளக்கூடியவள் இந்த உலகத்தில் ஒருத்திதான் இருக்கிறாள். அவள் நீயாக இருப்பதைத்தான் என்னால் இன்னும் தாங்க முடியவில்லை.

ஜெப்ஸி